நாற்பது நிமிடத்தில் எங்கள் ஊரை ‘எளிய அமைப்பு’ என்று எழுதியவர்களுக்கு

கடற்கரைக் குடியிருப்புகளை ஒருங்கிணைக்க அறிக்கை தயாரித்த அதிகாரிகளுக்கும், அதன்மேல் கையெழுத்திடப் போகிறவர்களுக்கும்,

ராமநாதபுரம் மாவட்டத்தில் தேவிபட்டினத்துக்கும் ஆற்றங்கரை என்ற ஊருக்கும் நடுவில் உள்ள ஒரு மீனவர் குடியிருப்பிலிருந்து எழுதுகிறேன். பதினெட்டு வருடமாக ஊர்க் கணக்கு நோட்டு என்னிடம் இருக்கிறது. அதற்கு முன்னால் என் அப்பாவிடம் இருந்தது.

உங்கள் அறிக்கையில் எங்கள் ஊருக்கு நான்கு வரி ஒதுக்கியிருக்கிறீர்கள். “112 வீடுகள், 430 பேர். ஒரே தொழில். எளிய சமூக அமைப்பு. அருகிலுள்ள நான்கு குடியிருப்புகளுடன் இணைப்பதில் சிக்கல் இல்லை.” அதாவது ஐந்து ஊரையும் சேர்த்து 2,000 பேர் கொண்ட ஒரே அலகு ஆக்கிவிட்டு, ஒரு பள்ளி, ஒரு ரேஷன் கடை, ஒரு ஏலக்கூடம், படகு நிறுத்த ஒரு துறை என்று வைத்துக்கொள்ளலாம் என்கிறீர்கள். பள்ளி எங்களுக்கு மூன்று கிலோமீட்டர் தள்ளிப் போகிறது.

வீட்டுக் கணக்கு சரி, ஆள் கணக்கும் சரி. மூன்றாவது வரியைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. ஏனென்றால் நான்காவது வரி அதன்மேல்தான் நிற்கிறது.

கணக்கெடுக்க வந்த தம்பியை நான் குறை சொல்லவில்லை. வெயிலில் வந்தார், கரையில் எங்கள் வாடிக் கொட்டகையில் உட்கார்ந்து டீ குடித்தார், கேட்க வேண்டியதைக் கேட்டார். “தொழில் என்ன?” என்றார். “மீன்பிடி” என்றேன். ஒரு கட்டத்தில் ஒரு டிக். நாற்பது நிமிடத்தில் கிளம்பிவிட்டார். அவர் கையில் இருந்த படிவத்தில் அதற்குமேல் எழுத இடமும் இல்லை.

அந்த ஒரு டிக்குக்குள் என்ன இருக்கிறது என்று ஒரே ஒரு நாள் கணக்கை வைத்துச் சொல்கிறேன். போன மாசி மாதம், ஒரு கரைவலை. நோட்டில் உள்ளபடியே தருகிறேன்.

கயிற்றின் ஒரு முனையைக் கரையில் விட்டுவிட்டு வத்தை என்ற சிறு படகு கடலுக்குள் போய், வலையை வில்லாக வளைத்துப் போட்டு, மறுமுனையைக் கொஞ்ச தூரம் தள்ளிக் கரைக்குக் கொண்டுவந்தது. இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று இழுத்தார்கள். இழுத்தவர்கள் 24 பேர். மீன் 19,000 ரூபாய்க்கு ஏலம் போனது. ஏலம் விட்டவருக்கு நூற்றுக்கு ஐந்து என்று 950. டீ, இட்லி 350. ஊர்ப் பொதுச் செலவுக்கு மகமை 300. மீதி 17,400. அதில் பாதி வலைக்காரருக்கு, பாதி இழுத்தவர்களுக்கு. 8,700 ரூபாயை 24 பேருக்குப் பிரிக்க வேண்டியதுதானே என்று நினைப்பீர்கள். நாங்கள் 29 பங்காகப் பிரித்தோம்.

24 பேருக்கு 24 பங்கு. வத்தையில் போன நால்வருக்கு ஆளுக்கு அரைப் பங்கு கூடுதல். கழுத்தளவு தண்ணீரில் நின்று வலையின் பை போன்ற மடியைத் தரையோடு அழுத்திப் பிடித்தவருக்கு அரைப் பங்கு கூடுதல், அவர் கை அசந்தால் மீன் அடியில் போய்விடும். பள்ளிக்கூடம் லீவு என்று வந்து கயிறு சுருட்டிய இரண்டு பையன்களுக்கு அரை அரை. கால் முறிந்து வீட்டில் கிடந்தவருக்கு அரை. இரண்டு வருடத்துக்கு முன் கடலில் இறந்துபோனவரின் மனைவிக்கு ஒரு முழுப் பங்கு. கூட்டிப் பாருங்கள், 29 வரும். பங்குக்கு 300 ரூபாய். கறிக்கு மீன் தனி, அதைக் கணக்கில் எழுதுவதில்லை.

அந்த அம்மாவின் பங்கு எவ்வளவு காலம் ஓடும் என்று முடிவுசெய்ய ஊர் மூன்று ராத்திரி கூடியது. மகன் கயிறு பிடிக்கிற வயது வரும்வரை என்றார்கள் ஒரு பக்கம். அவன் படிக்கப் போய்விட்டால் என்ன செய்வது என்றார்கள் பெண்கள். படித்தாலும் சரி, இழுத்தாலும் சரி, பதினெட்டு வயதுவரை என்று முடிந்தது. எங்கும் பத்திரம் இல்லை. என் நோட்டில் ஒரு வரி இருக்கிறது, அவ்வளவுதான். இதற்கு நீங்கள் வைத்த பெயர் எளிய அமைப்பு.

என் மகள் மதுரையில் தொல்லியல் படிக்கிறாள். உங்கள் அறிக்கையை அவளிடம்தான் முதலில் காட்டினேன். படித்துவிட்டு, “அப்பா, இவர்கள் சொல்வது முழுத் தப்பும் இல்லை” என்றாள். எனக்குக் கோபம் வந்தது. அப்புறம் அவள் சொன்னதைக் கேட்டேன், உங்களுக்கும் சொல்கிறேன். நியாயம் என்றால் இரண்டு பக்கமும் வைக்க வேண்டும்.

ஆட்கள் கூடக்கூடச் சமூகத்தின் ஏற்பாடுகளும் கூடுகின்றன என்பது மானுடவியலில் பழைய முடிவு. ராபர்ட் கார்னெய்ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1967இல் பல சமூகங்களை ஒப்பிட்டு எழுதினார். ஆள் தொகை ஏறினால் தலைமை, பதவி, தொழில் பிரிவு, நியாயசபை போன்றவையும் ஏறுகின்றன. அதே மனிதர் இன்னொன்றையும் சொன்னார். ஒரு கிராமம் ஓர் அளவுக்குமேல் பெருத்தால், ஒன்று அது புது ஏற்பாடுகளைக் கட்டிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் இரண்டாக உடையும்.

இதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்புதான் வந்தது. எங்கள் ஊரே அப்படி உடைந்து வந்ததுதான். தாத்தா காலத்தில் தெற்கே இருக்கும் ஊரில்தான் எல்லோரும் இருந்தோம். வீடு பெருகியது. கரைவலை போட முறை வருவதற்கு ஐந்து நாள், ஆறு நாள் என்று ஆனது. முறை யாருக்கு என்பதில் தினம் சண்டை. ஒரு கச்சான் காற்றுக் காலத்தில் முப்பது குடும்பம் சாமான்களை வத்தையில் ஏற்றிக்கொண்டு வடக்கே வந்து குடிசை போட்டது. கோபம் தணிய இருபது வருடம் பிடித்தது. இன்று அங்கே பெண் கொடுத்து, இங்கே பெண் எடுத்து நன்றாகத்தான் இருக்கிறோம், தள்ளி இருப்பதால். நீங்கள் ஒட்டப் போகும் ஐந்து ஊரில் அதுவும் ஒன்று.

ஏன் உடைகிறது என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு உண்டு. ஆறு பேர் இருந்தால் அவர்களுக்குள் இரண்டிரண்டு பேராக 15 உறவு. பன்னிரண்டு பேர் என்றால் 66. ஆள் இரண்டு மடங்கு, உறவு நாலு மடங்குக்கும் மேல். எங்கள் 430 பேருக்குள் 92,235. உங்கள் 2,000 பேருக்குள் 19,99,000. ஆள் ஐந்து மடங்குகூட ஏறவில்லை, உறவு 21 மடங்குக்கும் மேல் ஏறிவிட்டது. எல்லோரும் எல்லோரோடும் பேசுவதில்லைதான். ஆனால் யார் யாரை நம்பலாம் என்பது இந்தக் கணக்கில்தான் கிடக்கிறது. கிரெகரி ஜான்சன் என்பவர் 1982இல் இதை ஒட்டித்தான் எழுதினார்: கூடிப் பேசி முடிவெடுக்கும் தரப்புகள் ஆறு, ஏழுக்குமேல் போனால் தகராறு ஏறுகிறது, அதைத் தாங்க மேலே ஒரு தலைமை தேவைப்படுகிறது. ஒரு மனிதரால் சுமார் 150 பேரோடுதான் உறவைப் பேண முடியும் என்று ராபின் டன்பார் சொன்ன எண்ணும் உண்டு. அந்த எண்ணை வைத்து இன்னும் அடித்துக்கொள்கிறார்கள் என்று மகள் சொன்னாள், அதனால் அதன்மேல் நான் ரொம்பச் சாயவில்லை.

ஆகவே, ஐயா, அம்மா, 2,000 பேர் கொண்ட ஊர் சிக்கலாகத்தான் இருக்கும். அந்தச் சிக்கலைத் தாங்கப் போலீஸ் வேண்டும், பத்திரம் வேண்டும், வக்கீல் வேண்டும், முன்பணம் வேண்டும். இப்போது நாங்கள் அதெல்லாம் இல்லாமல், ஒருவரையொருவர் தெரியும் என்ற ஒன்றை வைத்து நடத்துகிறோம். அதை எடுத்துவிட்டு அதற்குப் பதில் என்ன தரப்போகிறீர்கள் என்று அறிக்கையில் தேடினேன். ஒரு சமுதாயக்கூடத்தின் வரைபடம் இருந்தது.

இது ஊகம் அல்ல, ஒருமுறை பட்டுவிட்டோம். சில வருடம் முன்னால் எங்கள் ஏலத்தைப் பக்கத்து ஊர்க் கூடத்தோடு சேர்த்தார்கள். புதுக் கூரை, சிமென்ட் தரை, தராசு எல்லாம் நன்றாக இருந்தது. எங்கள் ஊரில் தலைச்சுமை வியாபாரம் செய்யும் வயதான பெண்கள் பதினோரு பேர். காலையில் கடனுக்கு மீன் எடுப்பார்கள், விற்றுவிட்டுச் சாயந்தரம் காசு தருவார்கள். யார் தருவார், யார் இழுத்தடிப்பார், யாருக்கு இந்த வாரம் வீட்டில் காய்ச்சல் என்று எங்கள் ஏலக்காரருக்குத் தெரியும். புதுக் கூடத்து ஏலக்காரருக்கு அந்த முகங்கள் தெரியாது. காசு வைத்தால் மீன் என்றார். அவர் மேலும் தப்பு சொல்ல முடியாது, தெரியாதவருக்கு யார் கடன் கொடுப்பார்? முதல் நாள் ஏழு பேர் காலிக் கூடையோடு திரும்பினார்கள். என் சின்னம்மா அதில் ஒருவர். கூடையைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. ஒரு வார்த்தை பேசவில்லை. எட்டு மாதத்தில் ஏலம் எங்கள் கரைக்கே திரும்பிவிட்டது. பதினோரு பேரில் நாலு பேர் தொழிலுக்குத் திரும்பவில்லை.

உங்கள் படிவம் ஆளுக்கு ஒரு வேலை என்று எண்ணுகிறது. இங்கே ஒரு மனிதர் எனக்கு மச்சான், என் படகில் பங்காளி, எனக்குக் கடன் கொடுத்தவர், போன வருடம் என்மேல் ஊர்க்கூட்டத்தில் வழக்குச் சொன்னவரும் அவரே. டவுனில் இதற்கு நாலு பேர் இருப்பார்கள், நாலு போர்டு தொங்கும், எண்ணுவதற்கு வசதியாக. எங்கள் ஊரில் எல்லாம் ஒரே சட்டைக்குள் மடிந்து கிடக்கிறது.

சின்ன ஊர் என்றால் எளிய ஊர் என்பது நம் கரையில் மட்டும் பொய்க்கவில்லை. தெற்குப் பசிபிக்கில் திக்கோப்பியா என்று ஒரு தீவு. சுமார் ஐந்து சதுர கிலோமீட்டர், சுமார் 1,200 பேர். நான்கு குலம், நான்கு தலைவர்கள், நிலத்துக்கும் கடலுக்கும் சடங்குக்கும் தனித்தனி உரிமைகள். ரேமண்ட் ஃபர்த் என்ற ஆய்வாளர் 1928இல் அங்கே போய் ஒரு வருடம் தங்கினார். பிறகு பல பத்தாண்டுகள் அந்த ஒரு தீவைப் பற்றியே புத்தகம் புத்தகமாக எழுதினார். உங்கள் ஆள் நாற்பது நிமிடத்தில் முடித்துவிட்டார். மறுபக்கமும் உண்டு. துருக்கியில் சத்தால்ஹூயுக் என்ற ஊர், 9,000 வருடப் பழையது. வீட்டோடு வீடு ஒட்டி, தெருவே இல்லாமல், கூரை வழியாக இறங்குகிற மாதிரி கட்டியிருக்கிறார்கள். தன் காலத்துக்கு அது பெரிய ஊர். ஆனால் தோண்டினால் அரண்மனை என்று சொல்ல ஒன்றும் வரவில்லை. அளவை வைத்து உள்ளே இருப்பதைச் சொல்லிவிட முடியாது.

அவ்வளவு தூரம் போவானேன். எங்கள் ஊரிலிருந்து பார்க்கும் தூரத்தில் அழகன்குளம். 1986 முதல் தமிழ்நாடு தொல்லியல் துறை அங்கே அகழ்ந்து ரோமானியக் காசுகள், மத்தியதரைக் கடல் நாட்டுச் சாடிகளின் துண்டுகள், கப்பல் படம் கீறிய பானை ஓடு எல்லாம் எடுத்திருக்கிறது. வைகை முகத்துவாரத்து ஊர் ஒன்று கடல் தாண்டி யாரோடெல்லாம் கொடுக்கல் வாங்கல் வைத்திருந்தது என்று பாருங்கள். அந்தக் காலத்தில் உங்கள் படிவத்தோடு ஒருவர் வந்திருந்தால் “தொழில்: கடல்” என்று டிக் போட்டுவிட்டுப் போயிருப்பார்.

எனக்குப் பாதகமான ஒன்றையும் மறைக்கக் கூடாது. சின்ன ஊர் தனித்துப் போனால் கெடும். ஆஸ்திரேலியாவுக்குத் தெற்கே டாஸ்மேனியா. கடல் ஏறிப் பத்தாயிரம் வருடத்துக்கும் மேலாகத் தனித்துவிட்ட தீவு. அங்கிருந்த மக்கள் முன்பு செய்த எலும்புக் கருவிகளைப் பின்னால் கைவிட்டார்கள், மீன் தின்பதையே விட்டுவிட்டார்கள் என்கிறது தொல்லியல். ஆட்கள் குறைந்து, வெளித்தொடர்பும் அறுந்ததால் கைத்திறன் தேய்ந்தது என்று ஜோசப் ஹென்ரிக் 2004இல் விளக்கினார். எல்லோரும் அதை ஏற்கவில்லை. சுற்றிலும் கடலை வைத்துக்கொண்டு மீனை விட்டார்கள் என்பதை நம்ப எனக்கே ஒரு ராத்திரி ஆனது. இருந்தாலும் அதில் ஒரு நியாயம் தெரிகிறது. அதனால்தான் எங்களுக்குச் சாலை வேண்டும், பஸ் வேண்டும், போனில் சிக்னல் வேண்டும் என்று பத்து வருடமாக மனுக் கொடுக்கிறோம். வழி கேட்டவனிடம் வீட்டை மாற்று என்கிறீர்கள்.

செலவு கணக்கையும் நான் மறுக்கவில்லை. பெரிய ஊரில் தலைக்குக் குழாயும் ரோடும் மலிவு. நகரங்களை வைத்து 2007இல் வந்த ஒரு பிரபலமான ஆய்வு, ஊர் இரட்டித்தால் கட்டமைப்பில் தலைக்குச் சுமார் 15 சதவீதம் மிச்சம் என்று காட்டுகிறது. அதே ஆய்வில் வருமானமும் தலைக்கு ஏறுகிறது, குற்றமும் ஏறுகிறது. முதல் வரியை மட்டும் எடுத்துக்கொள்ளக் கூடாது. அதோடு அது நகரங்களின் கணக்கு. ஐந்து மீனவர் ஊரைக் கோடு போட்டு ஒன்றாக்கினால் நகரம் ஆகிவிடாது.

ஐந்து ஊரும் ஒன்றுபோல இருக்கின்றன என்ற நினைப்பும் வேண்டாம். ஓர் ஊரில் வெள்ளிக்கிழமை கடலுக்குப் போவதில்லை, இன்னொன்றில் ஞாயிறு. எங்கள் ஊரில் அம்மனுக்குக் காப்புக் கட்டிவிட்டால் திருவிழா முடியும்வரை வலை நனையாது. ஒரே துறை, ஒரே முறை என்றால் யாருடைய ஓய்வுநாளை யார் விட்டுக்கொடுப்பது? பாக் நீரிணையில் விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நாலு நாள் என்று ஓர் ஏற்பாடு ஓடுகிறது. எழுபதுகளின் மோதல்களுக்குப் பிறகு பேசிப் பேசி வந்தது. அதை மீறுகிறவர்கள் உண்டு, அதற்குப் பஞ்சாயத்தும் உண்டு. அந்தப் பஞ்சாயத்துக்கு எங்கள் ஊர் சார்பில் ஓர் ஆள் போகிறார். இணைத்துவிட்டால் அந்த நாற்காலி யாருக்கு என்று உங்கள் அறிக்கையில் இல்லை. அப்படி ஒரு நாற்காலி இருப்பதே அறிக்கையில் இல்லை.

இனி, நாங்கள் கேட்பது.

“எளிய சமூக அமைப்பு”, “இணைப்பதில் சிக்கல் இல்லை” என்ற இரண்டு வரிகளையும் அறிக்கையிலிருந்து எடுக்க வேண்டும். அவை இருக்கும்வரை இணைப்பு உத்தரவில் கையெழுத்திடக் கூடாது. ஐந்து ஊரிலும் தனித்தனியாகக் கூட்டம் போட்டு, பெண்களும் உட்கார்ந்து பேசுகிற நேரத்தில் போட்டு, அந்தந்த ஊர் சொல்வதை அந்தந்த ஊரின் பெயரில் எழுத வேண்டும். காலையில் வைத்தால் மீன் விற்கும் பெண்கள் வர முடியாது.

கணக்கெடுப்பைத் திரும்பச் செய்ய வேண்டும். வீட்டையும் தலையையும் மட்டும் எண்ணாமல், யார் யாரை நம்பித் தொழில் செய்கிறார்கள், என்னென்ன முறைகள் ஓடுகின்றன, எது உடைந்தால் யார் காலிக் கூடையோடு நிற்பார் என்று எழுத வேண்டும். அதற்கு என் நோட்டைத் தருகிறேன். அப்பா எழுதியதும் இருக்கிறது, கறையான் தின்றது போக.

தொடக்கப்பள்ளியைத் தொடக்கூடாது. 2009ஆம் வருடக் கட்டாயக் கல்விச் சட்டத்தின் விதி, ஒன்று முதல் ஐந்தாம் வகுப்புவரை ஒரு கிலோமீட்டருக்குள் பள்ளி என்கிறது. ஆறு வயதுப் பிள்ளை வாடைக்காற்று மழையில் மூன்று கிலோமீட்டர் மணலில் நடக்காது. ஏலமும் ரேஷன் கடையும் இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும். வாரத்தில் இரண்டு நாள் கடை திறந்தால்கூடப் போதும்.

ஆள் எண்ணிக்கையை வைத்து வசதி தரும் திட்டங்களில் கடலோரத்துக்குத் தனி அளவுகோல் வைக்குமாறு அரசுக்கு எழுதுங்கள். பிரதமர் கிராமச் சாலைத் திட்டம் சமவெளியில் 500 பேர் உள்ள குடியிருப்புக்குச் சாலை என்று தொடங்கியது. மலை, பாலைவனம், பழங்குடிப் பகுதிகளுக்கு 250. அந்தத் தளர்வில் கடற்கரை இல்லை. 430 பேர் உள்ள எங்கள் ஊர் மலைமேல் இருந்திருந்தால் எப்போதோ கணக்கில் வந்திருக்கும். கடலுக்கும் அந்த 250ஐக் கொடுங்கள். அதுவரை மாவட்ட நிதியிலிருந்து, மெயின் ரோட்டிலிருந்து எங்கள் ஊருக்குள் வரும் மண்பாதையை மட்டுமாவது தார் போட்டு, காலை ஒன்று மாலை ஒன்று என்று பஸ் விடுங்கள்.

ஆடி கடைசி வெள்ளிக்குள் எழுத்தில் பதில் வேண்டும். அன்று ஊர்க்கூட்டம் இருக்கிறது, பதிலை அங்கே வாசிக்க வேண்டும். நேரில் வருவதானால் விடியும்முன் வாருங்கள், வலை இழுக்கும் நேரம் அதுதான். போன தடவை வந்த தம்பியையே அனுப்பினாலும் சரி. ஒரு நாள் முழுக்க இருக்கிற மாதிரி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஊர்க் கணக்கு எழுதுபவன்